தங்கச்சியின் குரலில் முறுக்கிய நரம்புகள்

எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் கதிரை, மேசை திருத்தும் கடையொன்றிலிருந்து இன்று, மரம் ஒட்டுகிற வச்சிரப் பசை காய்ச்சும் மணம் வந்தது. கடை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உள்துறைமுகத்தை ஒட்டி, இப்போது வாகனங்கள் நிறுத்தும் இடத்தில்தான் வீட்டோடு சேர்ந்த அப்பாவின் பட்டறை இருந்தது. பலகையை மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் நனைத்து வளைத்து, இதே பசையால் ஒட்டி, மீன்பிடிக்கிற தங்கூசி நூலை நரம்பாகக் கட்டி, குட்டிக் கிற்றார் போல நாலு நரம்பு வைத்த சின்னச் சின்ன யுகுலேலேக்கள் அப்பா செய்வார். சுருதி பார்க்கக் குழலொன்று அவர் வாங்கவேயில்லை. "பிள்ளை, ஒருக்கா பாடுங்கோ" என்பார். வாசற்படியில் இருந்தபடி தங்கச்சி "ஆ..." என்று இழுப்பாள். அந்தக் குரலுக்குத்தான் முதல் நரம்பை முறுக்குவார். பகல் முழுக்கச் சீவுளியின் சரசரப்பும் வள்ளங்களின் இரைச்சலும் நடுவே அந்த "ஆ"வும் கேட்டபடி இருக்கும்.

கடல் அவளைக் கொண்டுபோன பிறகு, மாதா கோயிலில் பாடுகிற ஒருவர் சுருதிக் குழலொன்று கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை ஊதி ஊதி ஒரு யுகுலேலேக்குச் சுருதி சேர்த்து, மெல்ல மீட்டினார்.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "இது பிள்ளையின்ட சத்தம் இல்லையப்பா."

"ஓம்" என்று அப்பா நரம்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.

பசையின் மணம் இன்று மாறாமல் வந்துவிட்டது. அந்த "ஆ" மட்டும், கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றும், என் காதுக்குள் வரவில்லை.