வாக்கிங் சங்கத்தில் நாடாளுமன்றம்

சங்கச் செயலாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனாலேயே அந்த வேலையை யாரும் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வருவதும் கிடையாது. குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எதிலாவது இப்படி மாட்டிக்கொண்டவர் நீங்கள் என்றால், என் பாடு சொல்லாமலே புரியும்.

எங்களுடையது காலையில் கிரிவலப் பாதையில் நடக்கிறவர்களின் சங்கம். எனக்குச் செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைச் செயலாளராக்கினார்கள். கூட்டம் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவோம், போண்டா வந்ததும் கலைந்துவிடுவோம். சரோஜா டீச்சர் தலைவரான பிறகுதான் எல்லாம் மாறியது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: நாடாளுமன்றத்தில் நடப்பதுபோல நடக்க வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசக் கூடாது. யார் பேசினாலும் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும்.

வழிமொழிய ஆளில்லை

முதல் தீர்மானம் ஏழுமலையுடையது. ஷாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். குரல் மைக் இல்லாமலே தேரடி வரை கேட்கும். அவர் எழுந்து, "டீயைக் கூட்டம் முடிஞ்சு குடுக்காம முன்னாடியே குடுக்கணும்னு முன்மொழியறேன்" என்றார். வழிமொழிவது யார் என்று டீச்சர் கேட்டார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அது என்னவோ ஜாமீன் கையெழுத்துப் போடுகிற மாதிரி சமாசாரம் என்று பயம். ஏழுமலை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நானே வழிமொழியறேன்" என்றார். அது செல்லாது என்று டீச்சர் உட்கார வைத்தார்.

ஏழுமலையின் மனைவி வசந்தாவும் உறுப்பினர்தான். "நீங்க வழிமொழியலாமேம்மா" என்றார் டீச்சர்.

வசந்தா எழுந்திருக்கவே இல்லை. "வீட்ல தினமும் அதைத்தான் செய்யறேன் டீச்சர். இங்கயாவது விட்டுடுங்க."

திருத்தத்துக்கு மேல் திருத்தம்

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பது என்று ஒரு தீர்மானம் வந்தது. நல்ல தீர்மானம். அப்போது டீச்சர், யாராவது திருத்தம் கொண்டுவர விரும்பினால் கொண்டுவரலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

ராத்திரியில் மோர் சளி பிடிக்கும், பானகம் என்று மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். நிறைவேறியது. நடக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, வெல்லத்தை நீக்க வேண்டும் என்றார் அடுத்தவர். நிறைவேறியது. சுக்கு வயிற்றைக் காந்தும் என்று அதுவும் போனது. ஏலக்காய் விலை ஜாஸ்தி என்று ஏலக்காயும் போனது. கடைசியில், "வெல்லம், சுக்கு, ஏலக்காய் நீங்கலாகப் பானகம் வழங்குவது" என்று நான் உரக்கப் படித்தேன். ஒருமனதாக நிறைவேற்றிக் கை தட்டினோம்.

மோருக்கு ஆர்டர் கேட்டுக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த தயிர்க்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கைகட்டி, மரியாதையாகச் சொன்னார்: "எங்க ஊர்ல இதைத் தண்ணினு சொல்வோங்க."

மறு கூட்டத்தில் மோரே திரும்பி வந்தது.

பாதி மீசை

மோர்ப் பந்தல் போட அனுமதி கேட்டு மனு கொடுக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். மனுவோடு தீர்மானமும் வைக்க வேண்டும். ஆனால் வெளியே நல்ல மழை. கூட்டம் செல்லுபடியாக ஓர் ஆள் குறைந்தது. ஒருவர் வந்ததாகச் சும்மா எழுதிக்கொள்ளலாமே என்றேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடியும் ஆறாம் வகுப்புக்குப் போய் வந்தேன்.

நாங்கள் கூடுவது முனுசாமியின் லாட்ஜ் மாடியில் உள்ள ஹாலில். ஏழுமலையும் முனுசாமியும் வருஷக்கணக்காக ஒன்றாக நடக்கிறவர்கள். முனுசாமி கீழே சலூனில் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஏழுமலை ஓடிப்போய், கழுத்தில் கட்டிய துணியோடும் கன்னத்தில் நுரையோடும் அவரை மேலே இழுத்து வந்தார். டீச்சர் முகம் மாறாமல், "கூட்டம் தொடங்குகிறது" என்றார். முனுசாமி நுரை படாமல் கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

பின்னாலேயே சீப்பும் கத்தரியுமாக வந்து நின்ற சலூன்காரர் சொன்னார்: "உங்க தீர்மானம் முடிஞ்சிடுச்சு. இந்தப் பக்க மீசை இன்னும் முடியல, கீழ வாங்க."

வெளிநடப்பு

அனுமதி கிடைத்தது. வினை அதற்கப்புறம்தான் வந்தது. பந்தலை லாட்ஜ் வாசலில் போடலாம் என்றார் ஏழுமலை. பௌர்ணமிக்குத்தான் எனக்கு வியாபாரமே, வாசலை மறைத்தால் ரூம் கேட்டு வருகிறவன் எப்படி உள்ளே வருவான் என்றார் முனுசாமி. "தருமம் பண்ற இடத்துல வியாபாரம் பார்க்கறான்" என்று ஏழுமலை தலைவரைப் பார்க்காமல் முனுசாமியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். டீச்சர் மேசையைத் தட்டினார். அதற்குள் முனுசாமி எழுந்துவிட்டார். "நான் சங்கத்துலேர்ந்தே விலகிக்கறேன்" என்று வெளிநடப்பு செய்தார்.

அவர் குரல் நடுங்கியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாரும் அவர் போன வாசலையே பார்த்தோம். டீச்சர் மட்டும், அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார். அப்போது ஃபேன் நின்றது. லைட்டும் அணைந்தது. இருட்டில் லாட்ஜ் மேனேஜர் தலையை நீட்டினார்.

"ஓனர் வெளிநடப்பு பண்ணிட்டாருங்க. கரண்டும் அவரோடதுதான்."

ராஜினாமா

அதன்பிறகு டீச்சர் வீட்டு முன்னறையில் கூடினோம். முனுசாமி நடக்கவும் வரவில்லை. ஏழுமலை தனியாக, யாரோடும் பேசாமல் நடந்தார். சங்கம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காலையில் தூங்க ஆரம்பித்திருந்தார்கள்.

டீச்சர் என்னைத் தூது அனுப்பினார். கோபத்தில் வாயால் சொன்ன ராஜினாமா செல்லாது, கூட்டத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்லி ஏற்றுக்கொள்ள வைக்க வேண்டும் என்று. அப்படி ஒரு விதி உண்டா என்று நான் கேட்கவில்லை. முனுசாமி வந்தார். இளைத்திருந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதன் மேல் யாராவது பேசுகிறீர்களா என்று டீச்சர் கேட்டதும் ஏழுமலை எழுந்தார்.

"தலைவர் அவர்களே, அவர் இளைச்சிருக்கார். சுகர் மாத்திரை ஒழுங்கா போடறாரானு கேட்டுச் சொல்லுங்க."

முனுசாமியும் எழுந்தார். அவரும் டீச்சரைத்தான் பார்த்தார். "தலைவர் அவர்களே, போடறேன்னு சொல்லுங்க. நடக்காததால ஜாஸ்தியாயிடுச்சுனு டாக்டர் திட்டறாருனும் சொல்லுங்க."

"தலைவர் அவர்களே, நான் அன்னைக்குப் பேசுனது தப்பு. பந்தலை லாட்ஜ் பக்கத்துச் சந்துல போட்டுக்கறேன்."

"தலைவர் அவர்களே, சந்து இருட்டா இருக்கும். லைட்டு நான் போட்டுத் தரேன்."

"தலைவர் அவர்களே, நாளைக்கு அஞ்சு மணிக்கு அவர் வீட்டு வாசல்ல..." என்று ஆரம்பித்த ஏழுமலை பாதியில் நிறுத்தினார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வசந்தா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மிச்சத்தை ரெண்டு பேரும் வெளிய போய் நேரா பேசிக்கோங்க. என்னால தபால்காரர் வேலை பார்க்க முடியாது."

நாட்டுக்கு இந்த விதிகளால் என்ன பயனோ தெரியாது, எங்கள் ஊரில் இரண்டு பேர் மறுபடியும் சேர்ந்து நடக்கிறார்கள், பந்தலில் எந்தப் பக்கம் சாய்வு வைப்பது என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.