பவளத்துக்கு நீல விளக்கு

செம்பூர் வீட்டு ஹாலில் பவளத் தொட்டி வைத்தபோது, மீன்களைவிட விளக்குக்குத்தான் அதிகம் அலைந்தேன். பவளங்கள் நீல வெளிச்சத்தில்தான் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிரும். வெள்ளையை மட்டும் போட்டால் பழுப்புக் கற்களாகத் தெரியும். அதனால் நீலம் தூக்கலாக உள்ள, போனிலேயே நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்இடி விளக்கைத் தேர்ந்தெடுத்தேன். ஐரோலி ஆபீசிலிருந்து வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் கீழே ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அம்மா பதறினாள்.

"ஏட்டி, அந்த நீலத்தை அணை. மூஞ்சி கன்னங்கரேல்னு தெரியுது. வெள்ளையப் போடு."

போட்டுத் தொலைத்தேன். பட்டுப்புடவையில் நின்று காபித் தட்டை நீட்டியபோது, மாப்பிள்ளையின் அம்மா முதலில் தொட்டியைத்தான் பார்த்தார்.

"இதென்ன, வெறும் கல்லு கணக்கா இருக்கு? கலரே இல்லையே."

அதே பார்வையை அப்படியே என் பக்கம் திருப்பினார். கல்லுக்கும் எனக்கும் ஒரே மார்க்கு. என் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "வீட்ல கலந்துக்கிட்டு சொல்லுதோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

கதவைச் சாத்தியதும் நீலத்தைப் போட்டேன். தொட்டி முழுக்கப் பச்சையும் ஆரஞ்சுமாகப் பற்றிக்கொண்டது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோபாவில் சரிந்தபடி கேட்டாள்:

"ஏட்டி, இந்த லைட்டு ரோஸ் கலர்ல கிடைக்காதா? அடுத்தாப்ல ஆளு வாரப்ப போட்டுக்கிடலாம்லா."