குளத்துக்குத் தெற்கே ஒரு மாடி

ஐவி எங்கள் அபிராமபுரம் வீட்டில் நான்கு வருஷம் இருந்தாள். என்னைக் குளிப்பாட்டி, சோறு பிசைந்து கொடுத்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். சாந்தோம் கோயிலை ஒட்டி மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். புருஷன் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்து போய்ச் சேர்ந்துவிட்டான். தைலம் தேய்க்கும்போது வாய்க்குள்ளேயே மாதா பாட்டு ஒன்றை முணுமுணுப்பாள்.

“ஏட்டி, உன் மாதா என் முட்டிக்கு இறங்கி வருவாளாக்கும்?” என்று கேட்பேன்.

“உங்க மருந்தீஸ்வரர் இத்தினி வருசமா இன்னா கிழிச்சாரு ஆச்சி?” என்பாள்.

எனக்கு அவள்மேல் கோபமே வராது. என் மருமகள் ஜெயபாரதிக்கு அது ஆச்சரியம். எனக்கு மற்ற எல்லோர்மேலும் வரும்.

ஐவிக்கு ஒரே மகள், சான்ட்ரா. சான்ட்ராவின் புருஷன் வால்டர். எங்கள் வீட்டுக் காரை ஓட்டுகிறவன். ஐவி வந்து கேட்டுத்தான் என் மகன் நல்லசிவம் அவனை வேலைக்கு வைத்தான். நல்லசிவத்துக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. கடைக்கும் வீட்டுக்கும் நாளைக்கு நாலு நடை கார் ஓடும். வால்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. என்னைக் காரில் ஏற்றும்போது தலை இடிக்காமல் மேலே உள்ளங்கையை வைத்துக்கொள்வான். அதே கை வீட்டில் என்ன செய்தது என்பதை ஐவி என்னிடம் மட்டும் சொன்னாள். இரண்டு தடவை பங்குச் சாமியார் பேசிச் சேர்த்துவைத்தார். மூன்றாவது தடவை, தவக்காலத்தில், சான்ட்ராவின் காது ஜவ்வு கிழிந்தது. அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவள் திரும்பவில்லை.

எங்கே இருக்கிறாள் என்று ஐவி யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. பத்திரமாக இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். என் மகனிடம் சொல்லேன் என்றதற்கு, அய்யா ரொம்ப நல்லவர், நல்லவர்களிடம் சொன்னால் சேர்த்துவைத்துவிடுவார்கள் என்றாள். வால்டர் தினமும் சாவி எடுக்க வரும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்பான்: “அத்தை, சேதி எதுனா வந்துச்சா?” இல்லை என்பாள். “பரவால்ல” என்று சிரித்துக்கொண்டே போவான்.

இப்படி இருக்கும்போதுதான் ஆனி மாதம் நான் குளியலறையில் விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஜெயபாரதி பயந்துபோய் என் கையில் ஒரு வாட்ச் கட்டிவிட்டாள். நான் விழுந்தால் அது தானே அலறி வீட்டார் போனுக்கெல்லாம் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கம்பெனி போன். அந்த வாட்சும் அதே கம்பெனி. வேறு போனோடு அது பேசாது. ஐவியிடம் இருந்ததோ, லஸ் முனையில் ஷரீஃப் கடையில் பழசாக வாங்கிய வேறு சாதிப் போன். கண்ணாடியில் செல்லோடேப் ஒட்டியிருக்கும். அதில் சத்தம் வராதாம். ஏன் வராது என்று ஜெயபாரதியைக் கேட்டேன். “அது அவங்க ஏற்பாடு அத்தை. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வெளிய இருந்து எதையும் சேத்துக்க மாட்டாங்க” என்றாள்.

அதனால் என் பேத்தி தாரணி பெங்களூருக்குப் படிக்கப் போகும்போது விட்டுப்போன பழைய போனை ஐவிக்குக் கொடுத்தார்கள். விலையுயர்ந்த போன். ஐவி அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் அதைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். ஷரீஃபிடம் கொண்டுபோனாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே வந்து என்னிடம் சொன்னாள்.

“யக்கா, போன் உன் கையில கீது, பூட்டு அவங்க வூட்ல கீது. நான் அழிச்சேன்னு வெய்யி, அப்பால இது வெறும் கல்லு. வாணான்னு சொல்லிக் குட்த்துரு.”

எப்படிக் கொடுப்பாள்? அந்தப் போனைக் கொடுத்தால் வேலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் ஜெயபாரதி தன் போனில் எனக்கு ஊர்ப்படம் ஒன்றைக் காட்டினாள். அதில் நல்லசிவம் ஒரு புள்ளி, தாரணி ஒரு புள்ளி. லஸ் பக்கத்தில் இன்னொரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குத் தாரணியின் பழைய போன் என்று பெயராம். அது ஐவி. எனக்கு வாங்கப்போன மாத்திரையோடு திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். அன்றைக்கே அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே போனை அணைத்துவிடுவாள். மகளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் அதே வாசலுக்கு வந்துதான் உயிர் கொடுப்பாள். சிக்னல் கிடைப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவைத்தாள்.

புள்ளியைப் பற்றித்தான் எங்களுக்குத் தெரியும். படங்களைப் பற்றித் தெரியாது.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் படம் தெரியும். பஸ்ஸில் எழுதியிருப்பதை வைத்தா ஊர் போனேன்? கோபுரம், முனை, மரம், கடைப்பலகையின் நிறம் இவற்றை வைத்துத்தான் இந்தச் சென்னையில் ஐம்பது வருஷம் நடந்தேன். ஒரு தடவை பார்த்த இடத்தை எந்தப் பக்கமிருந்து காட்டினாலும் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் ஹாலில் இருக்கிற பெரிய டிவியை யாரும் பார்க்காமல் விட்டால் அது வீட்டுப் போன்களில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். ஆடி கடைசியில் ஒரு திங்கட்கிழமைக் காலை நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தாரணி பிறந்தநாள் போனது. கடைத் திறப்பு போனது. பிறகு ஒரு மொட்டை மாடி வந்தது. ஆள் யாருமில்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் தண்ணீர், இடது பக்கம் கோபுரம். பிரதோஷம் தவறாமல் நான் போய்க்கொண்டிருந்த இடம். கால் போனபிறகு இரண்டு வருஷமாகப் பார்க்காத கோபுரம்.

சந்தோஷத்தில் அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன்.

“ஏட்டி ஐவி, ஓடி வா. திருவான்மியூர் மருந்தீசர் குளம்லா இது. கோபுரம் இடக்கைப் பக்கம் வருது, பாரு. குளத்துக்குத் தெக்க உள்ள மாடியில நின்னு எடுத்திருக்காவ.”

பின்னால் சாவி குலுங்கியது. திரும்பினேன். வால்டர் சாவி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் கோபுரத்தைப் பார்க்கவில்லை, குளத்தையும் பார்க்கவில்லை. கொடியில் தொங்கிய பச்சைச் சுடிதாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிவி அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

“வரேன் ஆச்சி” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐவி கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. உங்களுக்குக் காட்டலாமென்றுதான் அந்த மாடியில் ஒரே ஒரு படம் எடுத்தேன் ஆச்சி, மகள் விழாமல்தான் எடுத்தேன் என்றாள். படம் எடுக்க இரண்டு நிமிஷம் போனுக்கு உயிர் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அது தானாக டிவிக்குப் போய்விட்டது. அது யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தானே சொல்லும்.

ஒரு நாள் அவகாசம் கிடைத்தது. ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க நல்லசிவமும் ஜெயபாரதியும் அன்றைக்கே காஞ்சிபுரம் கிளம்பினார்கள். காரை ஓட்டியது வால்டர். மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். அதற்குள் சான்ட்ராவை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமைக் காலையில் ஐவி என் முன்னால் வந்து நின்றாள். போனைக் கொண்டுபோனால் புள்ளி காட்டிக்கொடுக்கும், ஜெயபாரதி அதைக் காரிலேயே வாய்விட்டுச் சொல்வாள். போனை வைத்துவிட்டுப் போனால் நான் தனியாக இருக்க வேண்டும்.

“நீ போட்டி. நான் விழமாட்டேன்” என்றேன். போனை என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, எங்கே மாற்றப்போகிறாய் என்று நான் கேட்பதற்கு முன்னால் போய்விட்டாள். கேட்டிருக்கவும் மாட்டேன். என் வாய் என்ன செய்யும் என்று பார்த்துவிட்டேனே.

மத்தியானம் தலையணைக்குக் கீழே அடித்தது. பச்சையைத் தொட்டால் பேசும் என்று எனக்குத் தெரியும். ஜெயபாரதி. ஐவி எங்கே என்றாள். குளிக்கிறாள் என்றேன். அவள் பக்கத்திலிருந்து வால்டர் குரல் கேட்டது, தேன் மாதிரி.

“அத்தைகிட்ட ஒரு வார்த்தை பேசணும்மா. வந்தா குடுக்கச் சொல்லுங்க.”

நான்கு மணிக்கு மறுபடியும் அடித்தது. இப்போதும் குளிக்கிறாள் என்று சொல்ல முடியாது, துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள் என்றேன். வீட்டில்தான் இருக்கிறாள் என்று படம் காட்டுகிறது, சரி என்றாள் ஜெயபாரதி. இன்னும் கொஞ்ச நேரத்தில் தி. நகர் கடைக்கு வந்துவிடுவார்களாம். அங்கே இறங்கியதும் வால்டர் இரண்டு மணி நேரம் வெளியே போய்வரக் கேட்டிருக்கிறான், அவசர வேலையாம். காரையே எடுத்துக்கொள்ளட்டும் என்று நல்லசிவம் சொல்லிவிட்டானாம்.

ஐவி விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவேன் என்று சொல்லியிருந்தாள். அதாவது அவர்கள் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் கட்டிலிலிருந்து இறங்கி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்தேன்.

மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வாட்ச் கையைக் கிச்சுக்கிச்சு மூட்டியது. நன்றாக இருந்தால் தொடு என்று கேட்கிறதாம். நான் தொடவில்லை. பிறகு அது அலறியது, தலையணைக்குக் கீழே போன் அலறியது. தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் சத்தம் காருக்குள்ளும் கேட்டிருக்கும்.

கார் திருவான்மியூருக்குப் போகவில்லை, நேராக வீட்டுக்கு வந்தது. என்னைத் தூக்கியவன் வால்டர்தான். “மெல்ல, மெல்ல ஆச்சி” என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். தலை இடிக்காமல் கையை வைத்தான். பிறகு என் காதுக்குள் சொன்னான்.

“அத்தை குளிச்சி முட்ச்சிட்டாங்களா?”

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுத் திரும்பும்போது ராத்திரியாகிவிட்டது. அதுவரை வண்டியும் அவனும் என்னோடுதான். வாசலில் ஐவி நின்றிருந்தாள். ஜெயபாரதி தலையணைக்குக் கீழிருந்து போனை எடுத்துக் காட்டி, நீ வீட்டில் இருப்பதுபோல் எங்களுக்குக் காட்ட இதை வைத்துவிட்டு ஊர் சுற்றினாயா என்றாள். நான்தான் அனுப்பினேன் என்று கத்தினேன். எங்கே அனுப்பினீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். வால்டர் கதவோரம் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தான். நான் என்ன சொல்வேன்? ஐவி சார்ஜரைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். “கை வலிக்குதா ஆச்சி?” என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அந்தப் போனை ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் நல்லசிவத்துக்கு ஒரு யோசனை வந்தது. நான் விழுந்தால் முதலில் வர வேண்டியவன் வண்டி ஓட்டுகிறவன்தானே. அதனால் போனை வால்டருக்குக் கொடுத்துவிட்டான். ஐவி எடுத்த படமெல்லாம் அதிலேயே இருக்கின்றன.

இப்போது அவன் தினமும் சாவி எடுக்க வரும்போது என் பக்கத்தில் குந்தி ஒரு படம் காட்டுகிறான். நாளைக்கு ஒன்றுதான்.

“ஆச்சி, நீங்கதான் படத்தப் பாத்தாலே எடம் சொல்லுவீங்களே. இது எங்க கீது?”

ஒருநாள் ஒரு டீக்கடை. ஒருநாள் நீல கேட். நேற்று, படிக்கட்டில் ஒரு பெண்பிள்ளை ஐவியோடு சிரித்துக்கொண்டு நின்றாள்; சான்ட்ரா இல்லை, மகளை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு ஐவிக்கு வேண்டியவள் யாரோ. பின்னால் வேளாங்கண்ணி மாதா கோயிலின் வெள்ளைச் சுவர். பெசன்ட் நகரில் அது எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியும்.

“கண்ணு தெரியலடே” என்றேன்.

“பரவால்ல” என்று சிரித்தான்.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. லீவு நாளில் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கே எனக்கு மார்பு அடைக்கும், அல்லது தலை சுற்றும். வாட்ச் அலறும், அவன் வந்தாக வேண்டும். பொழுது சாயும்வரை அவனை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வைத்துவிடுவேன். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். ஜெயபாரதி பல்லைக் கடிக்கிறாள். ஆறு ஞாயிறு இப்படிப் போயிற்று.

வால்டர் பாவம், லீவே இல்லாமல் உழைக்கிறான் என்று என் மகன் வருத்தப்படுகிறான். வருகிற ஞாயிற்றிலிருந்து அந்த ஒரு நாளைக்கு மட்டும் வேறு டிரைவர் பார்த்திருக்கிறானாம்.