பச்சையும் நீலமும் மோதிய சனிக்கிழமை

வெள்ளி, காலை 6.10

மட்டக்களப்பில் முதல் நாள் ஏறி, மாகோ சந்தியில் வண்டி மாறி, யாழ்ப்பாணம் நிலையத்தில் இறங்கினேன். அறுபத்தேழாம் ஆண்டு, மாசி மாதம். மேடையில் பனி இன்னும் விலகவில்லை. தேநீர் பதினைந்து சதம், சூடு போதாது.

நான் தங்கவிருந்த கோப்பாய், நகரிலிருந்து நாலு மைல். வாடகைக் காருக்கு இரண்டு ரூபாய் ஐம்பது சதம் என்று பேசி ஏறினேன். சாரதி பெட்டியில் எழுதியிருந்த பாடசாலைப் பெயரைப் படித்து, அதை ஏற்றிவிட்டுத் திரும்பிக் கேட்டார்: “ரீச்சர் எந்தப் பக்கம்?”

“கோப்பாய்ப் பக்கம்தானே.”

“அது தெரியும். பச்சையோ, நீலமோ?”

அந்த நகரின் இரண்டு பழைய பெண்கள் கல்லூரிகளை அங்குள்ளவர்கள் கழுத்துப்பட்டியின் நிறத்தைச் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். இரண்டும் நூறு வயதைத் தொடுபவை. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில், காலையில் வலைப்பந்தாட்டத்திலும் மாலையில் விவாதத்திலும் மோதுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கிண்ணம். பெயர்களை நானும் எழுதப் போவதில்லை. எழுதினால் எதை முதலில் எழுதினேன் என்று ஒரு பகுதியார் கேட்பார்கள்.

“நான் நடுவர்,” என்றேன்.

கல்வியங்காடு தாண்டும்போது சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்ப நாளைக்கு ஆரோ ஒரு பகுதி உங்களைப் பேசத்தான் போகுது.” அங்கே பேசுதல் என்றால் ஏசுதல்.

இரண்டு கல்லூரியாரும் யாழ்ப்பாணத்து நடுவரை நம்புவதில்லை. அதனால்தான் ஆட்டம், விவாதம் இரண்டுக்கும் கிழக்கிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஊதல் பிடித்தவள். பயம் ஒன்றும் இருக்கவில்லை.

சனி, காலை 8.30

பச்சைக் கல்லூரியின் மைதானம். செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடுகள் நேர்த்தியாக இழுக்கப்பட்டிருந்தன. எல்லைக் கோட்டை ஒட்டிப் பழைய மாணவிகள் பட்டுச்சேலையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். மதிலுக்கு வெளியே சைக்கிள்களில் சாய்ந்தபடி ஆண்கள்.

பச்சையின் பந்தெறிபவள் தவமலர். அச்சுவேலிப் பெண், புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். நெடிய கைகள். வளையத்தை ஒருமுறை பார்ப்பாள், மறுமுறை பார்க்க மாட்டாள். கடைசி நிமிடத்தில் கணக்கு பதினேழுக்குப் பதினேழு. அவள் கையில் பந்து. எறிந்தாள். அந்த நொடியில் நேரக்காப்பாளர் கையை உயர்த்த, நான் ஊதினேன். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு உள்ளே விழுந்தது.

மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. நான் கையை அசைத்தேன். இல்லை. ஊதல் ஒலிக்குமுன் பந்து வளையத்தைக் கடந்திருக்க வேண்டும், கடக்கவில்லை. ஆட்டம் சமநிலை. இனிக் கிண்ணத்தை மாலை விவாதம்தான் தீர்மானிக்கும்.

பட்டுச்சேலைகளில் ஒன்று கோட்டைத் தாண்டி வந்தது. பழைய மாணவிகள் சார்பில் பேசும் பெண்மணி.

“உதென்ன தீர்ப்பு? பந்து விழுந்ததை நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள்.”

“நானும் கண்டேன். ஊதின பிறகு விழுந்தது.”

“மட்டக்களப்பிலை விதி வேறையோ?”

“விதி ஒன்றுதான் அம்மா,” என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் கையொப்பமிட்டேன்.

சனி, மாலை 3.00

விவாத மண்டபத்தில் நடுவர் மூவர்: கொழும்பிலிருந்து வந்த இருவர், நான். மணி அடிக்குமுன் அதே பெண்மணி மேடையருகே வந்தார். “காலமை எங்களுக்கு அநியாயம் செய்தவ இங்கை இருக்கக் கூடாது. வேறை ஆரையும் போடுங்கோ.”

கல்லூரி அதிபர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுந்து போய்விடலாமா என்று முதல்முறையாக நினைத்தேன். அப்போது பச்சைப் பேச்சாளர் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். தவமலர். விவாதத்திலும் அவள்தான் தலைவி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அன்ரி, விசில் முதல் கேட்டது. பந்து பிறகுதான் விழுந்தது. எறிஞ்ச எனக்குத் தெரியாதே? அவ இருக்கட்டும்.”

அந்தப் பெண்மணி தம் இடத்தில் போய் அமர்ந்தார். நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

பெண்களுக்கு இன்று தேவை விஞ்ஞானக் கல்வியே என்பது விவாதப் பொருள். அதை நிலைநாட்டத் தவமலர் பேசினாள். தோட்டக் கிணறுகள் உவர்ப்பதையும், நிலத்தடி நீரை அளக்கத் தெரியாமல் நாம் இறைத்துத் தள்ளுவதையும் அழகாகச் சொன்னாள். எதிர்த்தரப்பில் நீலத்தின் இராஜேஸ்வரி. குள்ளம், தடித்த கண்ணாடி. அவள் கேட்டாள்: “நீர் எங்கே இருக்கிறது என்று விஞ்ஞானி சொல்வார். அந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக் கூடாது என்ற வழக்கை எந்தச் சோதனைக் குழாய் மாற்றும்?”

கைதட்டல் இல்லை. கிணற்றிலும் சாதி பார்த்த அந்த ஆண்டுகளில் அந்தக் கேள்வி பலருக்குச் சுட்டது. தவமலர் பதிலுரையில் அதைத் தொடவில்லை, மருத்துவத்துக்குத் தாவிவிட்டாள்.

முடிவு இரண்டுக்கு ஒன்று. கிண்ணம் பச்சைக்கு. மைதானத்தில் வெடி கொளுத்தினார்கள்.

ஞாயிறு, காலை 7.30

போட்டிக்கு மறுநாள் இரு கல்லூரிப் பெண்களும் ஒரே பஸ்ஸில் கீரிமலைக்குப் போய்க் குளிப்பது வழக்கம் என்று சொல்லி என்னையும் அழைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மைல். வழியெங்கும் செம்மண் தோட்டங்கள், வெங்காயப் பாத்திகள். கீரிமலையில் கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு. இந்தப் பக்கம் நன்னீர். பெண்கள் கேணி தனியே மறைப்புக்குள் இருந்தது. இறங்கிய பிறகு யார் பச்சை, யார் நீலம் என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

தவமலர் படிக்கட்டருகே நீந்தி வந்தாள். “ரீச்சர், நேற்று நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?”

“உங்களுக்கு இல்லை.”

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. “கிணத்துக் கேள்விக்கோ?”

“ஓம். நீங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.”

“பதில் இருந்தது. மேடையிலை சொல்ல வாய் வரேல்லை.” ஈரத்தலையை ஒதுக்கிக்கொண்டாள். “எங்கடை கிணறு உவர்த்த வருஷம் பக்கத்துக் கிணத்திலை எங்களை அள்ள விடேல்லை. விவசாயக் கந்தோர் அதிகாரி ஒருத்தர் வந்து சோதிச்சு, ரெண்டுக்கும் ஊற்று ஒண்டுதான், எங்கடை ஆழம் கூடினபடியாலைதான் உவர்த்தது எண்டு எழுதிக் குடுத்தார். பிறகுதான் விட்டவை.”

“அதைச் சொல்லியிருந்தால் என் வாக்கும் உங்களுக்குத்தான்.”

எங்களுக்குப் பின்னால் தண்ணீரில் நின்றபடி இராஜேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “எழுதிக் குடுத்த பிறகும் அவை விடமாட்டம் எண்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?”

“திரும்பவும் போய்க் கேட்டிருப்பம்.”

“எந்த விஞ்ஞானத்திலை அப்பிடிப் படிச்சனி?”

தவமலர் சிரித்தபடி அவள்மீது தண்ணீரை அள்ளி எறிந்தாள். ஆனால் விவாதம் நிற்கவில்லை. கழுத்தளவு நீரில் நின்று இருவரும் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். மற்றப் பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் தலை துவட்டி, சேலை மாற்றி, பஸ்ஸில் ஏறும்போதும் அந்தக் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

செவ்வாய், மட்டக்களப்பு

இருபது வருடங்களாக நடக்கும் எங்கள் பாடசாலைக்கு எதிரி என்று யாருமில்லை. விளையாட்டுப் போட்டி என்றால் எங்கள் பிள்ளைகளையே இரண்டாகப் பிரித்து நிறுத்துவோம். யார் வென்றாலும் எல்லோரும் ஒரே பாயாசத்தைக் குடித்துவிட்டுப் போவார்கள். அதை நான் ஒற்றுமை என்று நினைத்திருந்தேன். எங்கள் பிள்ளைகளிடம் யாரும் ஒரு கேள்வியை மறுநாளும் விடாமல் துரத்திக் கேட்டதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

மாலை நாலு மணிக்குப் பாலத்தைக் கடந்து வாவிக்கு அப்பாலுள்ள பாடசாலைக்கு நடந்து போனேன். அதிபர் என்னை முன்பின் அறியாதவர். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

“எங்களைத் தோற்கடிக்க உங்களிட்ட பிள்ளைகள் இருக்கா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த நாட்குறிப்பைப் புரட்டினார்.

“எப்ப வாறீங்க?”