நான் எழுதிய சிவப்பு மரம்

ஐந்தாம் வகுப்பில் நான் எழுதிய கதையை நாடகமாகப் போட்டார்கள். முழுதாகப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. முக்கால்வாசி போட்டார்கள், மிச்சத்தை எங்கள் அப்பா போட்டார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு நாடகக் குழு எங்கள் மலைப் பள்ளிக்கு வந்திருந்தது. நான்கு பேர், ஒரு வேன், இரண்டு பறை, ஒரு மூட்டை நிறையக் கலர் துணி. அவர்கள் கதை எதுவும் கொண்டுவரவில்லை. எங்களை எழுதச் சொன்னார்கள். அதில் மூன்றைப் பொறுக்கி, ஒரு வாரம் பயிற்சி எடுத்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் மைதானத்தில் ஊர்ச் சனங்களுக்கு நடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. குழுவை நடத்தியவர் உயரமான ஓர் அக்கா. ராஜா, திருடன், கிழவன் எல்லாம் அவர்தான். பிள்ளைகள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டோம் என்று முதல் நாளே சொன்னார். அதுவரை எந்தப் பெரியவரும் எங்களுக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததில்லை.

மற்ற பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது நான் மளமளவென்று எழுதினேன். என்னிடம் கதை தயாராக இருந்தது. அப்பா சொன்ன கதை.

மரவள்ளி பிடுங்கி முடித்ததும் அப்பா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். அம்மா எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னாள். பள்ளி லீவுக்கு நான் வடக்கனந்தலில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அப்பா காலில் கட்டோடு படுத்திருந்தார். கேரளாவிலிருந்து வந்த மறுநாளே பலா மரத்தில் ஏறி விழுந்துவிட்டாராம். அதைப் பார்க்காமல் போனோமே என்று எனக்கு வருத்தம்கூட இருந்தது. எழுந்து நடக்க முடியாத அந்த நாட்களில்தான், பொழுது போகாமல், அந்தக் கதையை எனக்குச் சொன்னார். அடுப்படியிலிருந்து அம்மா ஒரு தடவை அதட்டினாள்.

"பொண்ணுகிட்ட இன்னா சொல்லிக்கினு இருக்கற?"

"கதைதான, வுடு" என்றார் அப்பா.

ஒரு ஆள் தூரத்துக் காட்டுக்கு மரம் வெட்டப் போகிறான். அந்த மரத்தைப் பிளந்தால் உள்ளே ரத்தம் போலச் சிவப்பாக இருக்கும். கூடப் போனவர்களோடு பகலெல்லாம் பாறை இடுக்கில் படுத்திருப்பான். ஒரு நாள் காவல்காரர்கள் வளைத்துக்கொள்கிறார்கள். மேட்டிலிருந்து குதித்ததில் அவன் கால் பிசகிவிடுகிறது. தக்காளி லாரியில் பெட்டிகளுக்கு அடியில் ஒளிந்து வீடு வந்து சேர்கிறான். ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம், பலா மரத்திலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறான்.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு உயிர். தான் விழுந்ததைக் கொண்டுபோய்க் கதையில் சொருகிவிட்டாரே என்று அப்பாவின் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்துச் சிரித்தேன். நானும் என் பங்குக்கு ஒரு ராஜாவைச் சேர்த்து, காட்டை அவருடையதாக ஆக்கினேன். கதை என்றால் ராஜா வேண்டாமா?

அக்கா என் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, இது நீயே எழுதியதா என்று கேட்டார். நானேதான் என்றேன். வீட்டில் மூச்சு விடவில்லை. திடீரென்று பார்த்து அசந்து போகட்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மைதானம் நிறைந்துவிட்டது. அன்று காலை பள்ளியில் மரக்கன்று நட வந்த காட்டிலாகா ரேஞ்சரைத் தலைமை ஆசிரியர் விடவில்லை. சிறப்பு விருந்தினர் என்று சொல்லி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். பக்கத்தில் காக்கிச் சட்டையில் இரண்டு ஃபாரஸ்ட் கார்டுகள். நானும் அம்மாவும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா பின்னால் புங்க மரத்தடியில், நல்ல காலில் உடம்பைத் தாங்கி நின்றுகொண்டிருந்தார்.

முதலில் முயல் கதை. அடுத்து என் பெயரைச் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. பறை முழங்கியது. "ராஜாவின் காட்டுக்கு ஓர் ஆள் மரம் வெட்டப் போனான்" என்று அக்கா ஆரம்பித்தார். கோடரி வீசுவது போல் ஒரு வீச்சு. மரமாக நின்றவரின் போர்வைக்குள்ளிருந்து சிவப்புத் துணி சரசரவென்று வெளியே வந்து விழுந்தது.

கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இத யாருடி எழுதச் சொன்னது?"

"நானேதாம்மா எழுதினேன்" என்றேன். அவள் விரல்கள் இறுகின. நகம் பதிந்தது.

அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த ரேஞ்சர் அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு முன்னால் இருந்த எங்கள் ஊர்க்காரர்களின் கழுத்துகள் எல்லாம் விறைத்துப் போயிருந்தன. யாரும் பின்னால் திரும்பவில்லை. அவ்வளவு கவனமாக என் கதையைப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பூரிப்பு. பாறை இடுக்கு வந்தது. சேவகர்கள் வந்தார்கள். அக்கா மேசை மேலிருந்து குதித்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். தக்காளிப் பெட்டிக்கு அடியில் சுருண்டு படுத்து, ஊர் வந்து இறங்கினார். இன்னும் ஒரே ஒரு வரிதான். அக்கா கூட்டத்தைப் பார்த்து நின்று, அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

அப்பாவின் குரல். சனங்களை விலக்கிக்கொண்டு, இடது காலை இழுத்தபடி, சிரித்துக்கொண்டே வந்தார். ரேஞ்சரின் நாற்காலியைத் தாண்டி அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"நொண்டி இப்படியாங்க நடப்பான்? என்னப் பாருங்க. ரெண்டு மாசமா நான்தான் நடந்துக்கினு இருக்கறேன். எம் பொண்ணு என்னப் பாத்துதான் எழுதிக்கிறா. ராஜாவும் இல்ல, காடும் இல்ல. பலாப்பழத்துக்கு ஆசப்பட்டு ஏறி வுழுந்த கதைங்க இது!"

அக்காவுக்கு முகம் சிவந்தது. என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன் என்று சொன்னவர் அல்லவா? மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் அப்பாவின் முகத்தைக் கிட்டத்தில் உற்றுப் பார்த்தார். பறை அடிப்பவரிடம் கண்ணைக் காட்டினார். பிறகு கைகள் இரண்டையும் விரித்து, பலா மரமாக நின்றுவிட்டார்.

அதற்கப்புறம் அப்பாவின் ராஜ்ஜியம்தான். அந்த அக்காவின் தோளைப் பிடித்து ஏறுவது போல் செய்தார். பழத்தைத் தட்டிப் பார்த்தார். எறும்பு கடித்துத் துள்ளினார். கீழே இருந்து பெண்டாட்டி அதட்டுவது போல் அம்மாவின் குரலில் பேசினார். கடைசியில் தொப்பென்று விழுந்தார். நிஜமாகவே விழுந்தார். மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது போல, அழுகிற மாதிரி சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

எனக்குப் பரிசாக ஒரு பென்சில் டப்பா கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நான் நின்றபோது ரேஞ்சர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். குலுக்கினார், ஆனால் விடவில்லை. கையைத் திருப்பி, காய்ப்பு ஏறிய உள்ளங்கையைப் பார்த்தார். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"நல்லா நடிக்கிறீங்க" என்றார் மெதுவாக. "கால் சரியாவட்டும். இனிமே அந்த மரத்துப் பக்கமே போவாதீங்க."

"சரிங்க சார்" என்றார் அப்பா. அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் அழுதேன். என் கடைசி வரி வரவே இல்லை. "என் கதைய கெடுத்துட்ட" என்றேன்.

"ஆமாம் கண்ணு, கெடுத்துட்டேன்" என்றார் அப்பா. அம்மா என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன், எதற்கு என்றுதான் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரோடும் நான்கு நாள் பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா எந்த ஊருக்கும் மிளகு பறிக்கப் போகவில்லை. வெளியூர் வேலைக்கு ஆள் சேர்க்கும் தரகர் ஒருவர் இரண்டு தடவை வீடு தேடி வந்தார். அம்மா வாசலிலேயே நின்று அனுப்பிவிட்டாள். அப்பா எங்கள் மரவள்ளிக் காட்டோடு இருந்துவிட்டார். ஆனால் கால் தேறியதும், அடுத்த வருஷமே, வழக்கம் போலப் பலா மரத்தில் ஏற ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய அதிகாரி கையைப் பிடித்துச் சொல்லியும் கேட்காமல் இப்படிச் செய்கிறாரே என்று பயந்தேன். அதனால் அவர் ஏறும்போதெல்லாம், பாதையில் காக்கிச் சட்டை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தபடி, அவர் இறங்கும்வரை நான் கீழே காவல் நின்றேன்.