வௌவால் எண்ணும் டோரிஸ்

டோரிஸ் அந்தோணிமுத்து ஐந்து மீட்டருக்கு ஒரு நிரையாக நடக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. இடம், மலேசியாவில் தாப்பா ஊருக்கு வடக்கே ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தின் மேட்டு நிலம். மரங்கள் போய், இப்போது மூன்று காற்றாலைகள் நிற்கின்றன. கையில் குச்சி, இடுப்பில் பிளாஸ்டிக் பைகள், கழுத்தில் அளவு நாடா. காற்றாலையின் இறக்கை பட்டு விழுந்த பறவைகளையும் வௌவால்களையும் தேடி எடுத்து, படம் பிடித்து, எண்ணிட்டுத் தாளில் பதிவது அவர் வேலை. வாரத்தில் ஆறு நாள், காலை எட்டு மணிக்குத் தொடக்கம். இரண்டு ஆண்டுக் கணக்கில் பதினாறு மாதங்கள் முடிந்தன; கிடைத்தவை மூன்று வௌவால்கள், ஒரு மைனா.

பதினாறு வயதில், ரப்பர்ப் பால் இறக்கப் பால்மரம் வெட்டப் போன கால். நிரை கோணாது, நிற்கவும் தெரியாது. தேவாலயத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொள்வார். பிரசங்கம் நீண்டால் சுவரோரமாக நடை தொடங்கிவிடும். சோறு வேகும் நேரத்துக்குள் வாசலுக்கும் வேலிக்கும் நாற்பது முறை போய்வருவார். பத்து காஜா ஊர் மருத்துவமனையில் முட்டியைப் பார்த்த டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார். அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்த முக்கால் மணி நேரமும் நிலையத்தைச் சுற்றியபடியே கழித்தார்.

முகம்மது கௌஸின் கடையில் தேத்தண்ணீரும் நின்றபடிதான்.

“ஒக்காருங்கக்கா. நாற்காலிக்குத் தனியா பில் போட மாட்டேன்லா.”

“ஒக்காந்தா முட்டி புடிச்சிக்கும்ணே. நீங்க ஒக்காந்து வயித்த வளத்தது போதும்.”

கௌஸுக்கு மேட்டின் அடிவாரத்தில் இருபத்தெட்டு டுரியான் பழமரங்கள் இருக்கின்றன. பொழுது சாய்ந்து விரியும் அவற்றின் பூவைக் காயாக்குபவை, சுண்ணாம்புக் குகைகளிலிருந்து தேன் தேடி வரும் வௌவால்கள். ஒருநாள் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “பூவு மலையா கொட்டுதுக்கா. பத்துக் காய்கூட நிக்கல. உங்க காத்தாடிதான் வவ்வாலத் தின்னுதுன்னு ஊரே பேசுது.”

“என் கண்ணுல மூணுதானேண்ணே பட்டுச்சு.”

சொல்லிவிட்டு, தேத்தண்ணீரைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் விடிந்தும் விடியாமலும் மேடேறினார். முதல் காற்றாலையின் கீழே, காவலாளி சன்னாசி விளக்குமாற்றால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அருகில் ஒற்றைச் சக்கர வண்டி. அதனுள் காய்ந்த இலைகளோடு பதினொரு வௌவால்கள்.

“இது என்னண்ணே?”

“குப்பலா. விடியறதுக்குள்ள களம் சுத்தமா இருக்கணும், தோட்டத்துல பழகினது. பெரிய ஆளுங்க வர்ற எடத்துல செத்ததப் போட்டு வெக்கலாமா?”

“எத்தன நாளா கூட்டுறீங்க?”

“வேலைக்கி வந்த நாளா.” சன்னாசியின் குரலில் பெருமை இருந்தது. “புல்லுல கெடக்கறதக்கூட வுடமாட்டேன். நீயே முட்டி வலிக்காரி, எத்தன தடவதான் குனிவ, அதான்.”

இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டோரிஸ் வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சிறகை விரித்து அளந்தார்.

காற்று மெலிந்த இரவுகளில்தான் வௌவால்கள் மிகுதியாகப் பறக்கும். அந்நேரம் இறக்கைகளை நிறுத்தி வைத்தால் மின்சாரம் சிறிதளவே குறையும். உயிர்கள் பெரும்பாலும் தப்பும். காற்றாலைக்கான அனுமதியில் ஒரு விதி உண்டு: எண்ணிக்கை பிழையென்று தெரிந்தால், முழுக் கணக்கும் புதிதாக எடுத்து முடியும்வரை மென்காற்றில் இறக்கைகள் சுழலக் கூடாது. எண்ணிக்கைத் தாள்களிலோ, மாதத்துக்கு ஒன்றாகப் பதினாறிலும், டோரிஸின் கையெழுத்து.

டோரிஸ் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது, பொறியாளர் ஜெயபாலன் அந்தத் தாள்களைக் கொடுக்கத் தயங்கினார். “ஆன்ட்டி, இன்னையிலேர்ந்து சரியா எழுதுங்க, போதும். பழச அடிச்சா எல்லாம் கோசோங் ஆயிடும், பூஜ்யம்தான், மொதல்லேர்ந்து நடக்கணும். இன்னும் எட்டே மாசம்தான்லா. முட்டிய நெனச்சிப் பாருங்க.”

“முட்டி என்னோடது தம்பி. கையெழுத்தும் என்னோடதுதான்.”

“யாரு கூட்டினதுன்னு கேப்பாங்களே?”

“தர கூட்டியிருந்துச்சுன்னு போடுறேன். பேரு எதுக்கு?”

மேசையருகே நின்றபடியே தாள் தாளாகக் குறுக்குக் கோடு இழுத்தார். கோட்டின் பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இட்டார். பதினாறாவது தாளின் அடியில் ‘மீதிக் காலம்’ என்றொரு கட்டம். அதில் ‘எட்டு மாதம்’ என்று அவரே முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: இரண்டு ஆண்டுகள்.