மூன்றாம் மாடியோடு நின்றுவிட்ட ஏணி

மின்விசிறியைத் துடைக்க நான் ஸ்டூல் மேல் ஏறினாலே, மனைவி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட நான், ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து இறங்குவதற்கென்று ஆன்லைனில் கயிற்றேணி வாங்கினேன். தொங்கவிட்டுப் பார்த்தால், மூன்றாம் மாடியோடு தன் கடமை முடிந்தது என்று நின்றுவிட்டது. அதற்குக் கீழே முருகன்தான் மயிலை அனுப்ப வேண்டும்.

பயந்துதான் வாங்கினேன். மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். படி இறங்க முடியாது. மலைக்கே படியேறிப் போகிற திருத்தணியில் நாங்கள் லிஃப்டை நம்பிப் பிழைத்தோம். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதே என்கிறது நான் வாங்கி வைத்திருந்த தீப் பாதுகாப்புப் புத்தகம். பிறகு இவளை எப்படி இறக்குவது? முட்டி மடங்காதவள் கயிற்றேணியில் இறங்குவாளா என்ற கேள்வி, ஏணி வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

ஒருநாள் காலை பத்து மணிக்குத் தரைத்தளத்து மீட்டர் பெட்டி புகைந்தது. கரண்ட் போனது, லிஃப்ட் நின்றது. "எல்லாரும் எறங்குங்க!" என்று கீழே கூச்சல். நான் ஏணியோடு பால்கனிக்கு ஓடினேன்.

"போங்க, மூணாவது மாடியில தொங்கினு இருங்க. அங்க காப்பி குடுக்கச் சொல்றேன்" என்றாள் மனைவி. ஆனால் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தாள்.

எதிர்வீட்டுக்காரர் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். தன் அக்காள் கணவரோடு உள்ளே வந்து, என் மனைவியிடம் சொன்னார்: "அக்கா, அப்டியே குந்தினு இருங்க. பாவா, நீ பின்னாடி புடி." பாவு நூல் சுற்றிய கனத்த உருளையைக் குறுகிய படிகளில் இறக்கிப் பழகியவர்கள். முன்னால் இருப்பவர் உயர்த்த, பின்னால் இருப்பவர் தாழ்த்த, நாற்காலி மட்டம் மாறாமல் இறங்கியது.

"சாய்க்காத பாவா, நூலு சரிஞ்சிடும்!"

"நானா நூலு?" என்றாள் மனைவி.

நான்காம் மாடித் திருப்பத்தில் நாற்காலி நின்றது. குறுக்கே புத்தக அலமாரி.

"எவன்யா இத இங்க வெச்சவன்?" என்றார் பாவா.

நான்தான். வீட்டில் இடமில்லை என்று மனைவி சொன்னதும், லிஃப்ட் இருக்கும்போது படியில் யார் வரப்போகிறார்கள் என்று, அவள் கண்ணில் படாமல் ஒரு மாடி தள்ளி வைத்தேன். படிக்கட்டில் எதையும் வைக்காதே என்ற வரியை நான் அடிக்கோடிட்டு வைத்த புத்தகமும் அதற்குள்தான் இருந்தது.

புகை நாற்றம் மேலே வந்துவிட்டது. அலமாரி அசையவில்லை. இருவரும் அவளைச் சுமந்து நிற்க, நான் புத்தகங்களை வாரி நான்காம் மாடி நடையில் எறிந்தேன். காலியானதும் அலமாரியையும் அங்கே இழுத்துப் போட்டேன்.

நாங்கள் கீழே போய்ச் சேர்வதற்குள் மெயினை நிறுத்தி, மணலைக் கொட்டி அணைத்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை.

சாயங்காலம் அவர்களே அலமாரியையும் புத்தகங்களையும் என் வீட்டுக்குள் சேர்த்தார்கள். காலையில் செய்த உதவிக்கு நன்றி சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா ஒண்ணும் கனமில்ல சார். இந்தப் புஸ்தகந்தான் கனம். இதெல்லாம் படிச்சீங்களா, இல்ல சும்மா வெச்சிகினு இருக்கீங்களா?"